காய்ச்சல்காரனின் நிழல்

இசக்கிக்குக் காய்ச்சல் என்று நான் போய்ச் சொன்னதும் எங்கள் முதலாளி கை தட்டினார். பொய்யில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு தட்டுவார்களே, அப்படித் தட்டினார்.

என் பெயர் சௌடேஸ்வரி. கோயம்புத்தூர் நொய்யல் வேங்கைகள் கூடைப்பந்து அணியின் பிசியோதெரபிஸ்ட். பசங்களுக்கு சௌடா அக்கா. அவர்களுடைய முழங்காலையும் கணுக்காலையும் நீவிவிட்டே என் தலை நரைத்தது. முதலாளி குழந்தைவேல், ஸ்பின்னிங் மில்காரர். விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் சட்டையின் நிறம் மட்டும்தான்.

சீசன் பாதியில் இருக்கும்போது கொக்குக் காய்ச்சல் வந்தது. அதன் மருத்துவப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வந்தவர்கள் மூச்சு வாங்கிக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது. கடைகள் மூடின, பள்ளிகள் மூடின, லீக்கும் மூடியது. பசங்களை அவிநாசி ரோட்டுக்கு உள்ளே இருந்த அணி விடுதியில் ஆளுக்கொரு அறையில் அடைத்தார்கள். எனக்கும் ஒரு அறை. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விட மனசு வரவில்லை அவர்களுக்கு. டிவிக்காரர்களோடு பேசி, 'நிழலாட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தினகர் என்று ஒரு எஞ்சினியர் பெட்டி நிறைய வயர்களோடு வந்து இறங்கினான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் எதைப் பார்த்தும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

"ரொம்ப சிம்பிள்க்கா" என்றான் முதல் நாள். "ஒவ்வொருத்தரும் ஆடின மேட்ச் எல்லாம் நம்மகிட்ட வீடியோவா இருக்கு. ஓடறது, குதிக்கிறது, ஷூ அடியை உள்ளங்கையால துடைக்கிறது வரைக்கும் மெஷின் கத்துக்கிச்சு. அதை வெச்சு நிழல் உருவம் பண்றோம். காலி ஸ்டேடியத்துல அந்த நிழலுங்க ஆடும். ஜனங்க வீட்ல உக்காந்து பாப்பாங்க."

"அப்ப பசங்க எதுக்குத் தம்பி?"

"அங்கதான் விஷயமே இருக்கு. நெஞ்சுல ஒரு பட்டை ஒட்டுவோம். நாடித்துடிப்பு, மூச்சு, உடம்புச் சூடு மூணும் அவங்கவங்க போன் வழியா லைவா போகும். உடம்பு சோர்ந்தா நிழல் சோரும், உடம்பு வேகமா இருந்தா நிழலும் வேகமா இருக்கும். உயிருள்ள நெஞ்சு இல்லாம நிழல் ஆடவே ஆடாது. சும்மா பொம்மை விளையாட்டுன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

ஆக, ஆட்டம் நடக்கும் நேரத்தில் பசங்கள் கட்டிலில் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். சுவரில் இருக்கும் டிவியில் அவர்களே ஓடுவார்கள். முதல் சில ஆட்டங்கள் மந்தமாகத்தான் போயின. அடைபட்டுக் கிடக்கிற உடம்புக்கு என்ன வேகம் வந்துவிடும்? ஜனங்களும் சேனலை மாற்றிப் பார்த்தார்கள்.

பிறகு எங்கள் அணியில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் கண்டது. அன்று மாலை அவனுடைய நிழல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கத்திக் கத்தியே வர்ணனையாளர்களுக்குக் குரல் கட்டிப்போனது. நான் தினகரைப் பிடித்து உலுக்கினேன்.

"மெஷின் மேல தப்பில்லக்கா" என்று தலையைச் சொறிந்தான். "நாடி ஏறினா, மூச்சு வாங்கினா, உடம்பு சூடானா, அந்த ஆளு உயிரைக் கொடுத்து ஆடறான்னு அது கத்துக்கிட்டிருக்கு. காய்ச்சலுக்கும் ஆட்டத்துக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியல."

"திருத்து."

"திருத்தலாம். லீக்ல வேணாங்கறாங்க. இப்பத்தான்க்கா ஜனங்க பாக்கவே ஆரம்பிச்சிருக்காங்க."

அந்தப் பையன் காய்ச்சலோடு ஆடிய மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு ஐசியூவுக்குப் போனான். திரும்பவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். நிழல்கள் தலை குனிந்து நின்றன. அதைக்கூட மெஷின் எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. டிவியில் ஸ்கோருக்குப் பக்கத்திலேயே ஒவ்வொருவனின் உடம்புச் சூட்டையும் போட்டார்கள். அது ஏற ஏற ஜனங்கள் விசிலடித்தார்கள். வேறொரு ஊர் அணியில் எல்லோரும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்களாம் என்று சிரித்துக்கொண்டே செய்தி வாசித்தாள் ஒருத்தி. எங்கள் ரசிகர்கள் சிலர் பசங்களுக்குக் காய்ச்சல் வர வேண்டுமென்று தேங்காய் உடைத்து, அதை வீடியோ எடுத்தும் போட்டார்கள். த்தூ. இதையெல்லாம் செய்தவர்கள் கொம்பு முளைத்தவர்கள் இல்லை. என் கூடப் பிறந்த தம்பியும் அவர்களில் ஒருவன்.

இசக்கிராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடன்குடிப் பக்கத்துப் பையன். பையன் என்ன பையன், முப்பத்து மூன்று வயசு. ஆறே முக்கால் அடி உயரம். அணிக்கு வந்த நாளிலிருந்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஜெயிப்பது நிச்சயமான பிறகு கடைசி இரண்டு நிமிடம் இறக்கிவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவன் நாள் தவறாமல் எல்லோருக்கும் முன்னால் வந்து கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டு காத்திருப்பான். மைதானத்தில் இறங்கியதும் ஷூவின் அடியை உள்ளங்கையால் அழுத்தித் துடைப்பான். ஏதோ பெரிய வேலைக்குத் தயாராகிறவன்போல இருக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

இரண்டு பேர் ஆஸ்பத்திரியில், ஒருவன் மண்ணுக்குள். ஆடுவதற்குச் சரியாக ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். ஐந்தில் ஒரு பட்டை நின்றாலும் அணி தோற்றதாகக் கணக்கு. அந்த ஐந்தில் இசக்கியும் ஒருவன். அரையிறுதிக்கு முந்தின நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நான் போய்ச் சொன்னேன். முதலாளி கை தட்டினார்.

தட்டி முடித்த கையோடு மாத்திரைப் பெட்டியை என் அறையிலிருந்து எடுத்து ஆபீஸ் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

"ஃபைனல் முடியற வரைக்கும் காய்ச்ச மாத்திரை குடுக்க வேண்டாமுங்க சௌடாம்மா. சின்ன வயசு, தாங்குவான்."

"ஏனுங்க, அவன் மனுசனுங்க."

"நானும் மனுசனாத்தானுங்க பேசறேன். ஊரே அவன் பேரைச் சொல்லுது. அவனுக்கு அந்தச் சந்தோசத்தக் குடுக்கோணுமா வேண்டாமா?"

கேடுகெட்ட பேச்சு. ஆனால் அதில் ஒரு சொட்டு உண்மை இருந்ததுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. அரையிறுதியில் இசக்கியின் நிழல் வளையத்தில் தொங்கியது, பந்தைப் பறித்தது, மைதானம் முழுக்கத் தானே ஆண்டது. மறுநாள் ஊரெல்லாம் 'இசக்கி, இசக்கி' என்ற கூச்சல். நான் என் கைப்பையில் கிடந்த பாரசிட்டமாலைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன். வாங்கி வாயில் போட்டு, தண்ணீரும் குடித்தான். சாயங்காலம் தலையணை உறையை மாற்றும்போது அந்த மாத்திரை அப்படியே கீழே விழுந்தது.

"என்னடா இது?"

"அக்கா, ஒங்க கால்ல வேணா விழுதேன்" என்றான் மூச்சிரைக்க. "காய்ச்சல் போச்சுன்னா நான் பழையபடி பெஞ்சுதான். எங்க ஊர்ல என் படம் போட்டுத் தட்டி வச்சிருக்காவ தெரியுமா? எங்கம்மைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாயாசம் கொடுத்து விட்டிருக்கா. ஃபைனல் மட்டும் ஆடிக்கிடுதேன்."

"செத்துப்போவேடா."

"ஆடிட்டுச் சாவுதேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். என் கை அவன் கன்னத்துக்குப் போய் பாதியில் நின்றது. அடிக்கவா தடவவா என்று எனக்கே தெரியவில்லை.

இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சென்னை அணியோடு. முதல் பாதியில் இசக்கியின் நிழல் காற்றாய்ப் பறந்தது. ஆனால் சென்னைக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஃபவுலுக்குப் பதிலாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் போடுவதற்கு முன்னால் எந்த ஆட்டக்காரனும் மூச்சை விட்டு நெஞ்சை ஒரு கணம் அடக்குவான். அடக்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். காய்ச்சலில் கொதிக்கிற நெஞ்சு எங்கே அடங்கும்? அதனால் தங்கள் நிழல்களை ஏவி, வேண்டுமென்றே அவன் நிழலை இடிக்க வைத்து ஃபவுல் வாங்கிக்கொண்டார்கள். அவனுடைய ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் இரும்பில் பட்டுத் தெறித்தது.

இடைவேளையில் அவன் அறைக்கு ஓடினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானியில் எண் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. உடனே 108-க்கு போன் செய்தேன். இசக்கியோ இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பட்டைய எடுத்தா வரமாட்டேன்."

"ஒன்ற நிழல் ஆடும். நான் பாத்துக்கறேன், கையை விடு சாமி."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிடி தளர்ந்தது. கண்ணும் சொருகியது. ஸ்பிரிட் தொட்டுப் பட்டையை உரித்தேன். உரித்த மறு நொடி அதை என் ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டேன். அவனுடைய போனைக் கைப்பையில் போட்டேன். சத்தியத்துக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. பட்டை நின்றால் ஆபீஸ் ரூமில் மணி அடிக்கும், ஆட்கள் ஓடி வருவார்கள், அவனை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

முதலாளியின் உத்தரவுப்படி வாசல் கேட் பூட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்களைக் காவலாளி ரங்கப்பன் உள்ளே விட்டது எப்படி என்று கேட்காதீர்கள், சமையல்காரனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு கால்கள் முழங்கால் வரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தன. ரங்கப்பன் கையில் மேட்ச் ஓடும் போனோடு குனிந்து பார்த்தான்.

"ஏனுங்க்கா, இது நம்ம இசக்கியாட்ட இருக்குதே?"

அந்த நேரம் பார்த்து மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியது. ரங்கப்பனின் போனில் இசக்கியின் நிழல் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, எகிறி, வளையத்துக்குள் அடித்தது. ரங்கப்பன் போனைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

"அட, இசக்கி அங்க ஆடிட்டு இருக்கறாருங்களே! நானொரு கிறுக்கன்" என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்தான்.

நாள்தோறும் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போன ஆளின் முகம் ஒரு முழ தூரத்தில் கிடந்தது. அவன் போனைத்தான் நம்பினான்.

ஆம்புலன்ஸில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடி கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. மாதவிலக்கு நிற்கிற வயசு. திடீர் திடீரென்று உடம்பு தீயாய்க் கொதிக்கும். அதோடு முதலாளி மேல், லீக் மேல், தேங்காய் உடைத்தவர்கள் மேல், என் தம்பி மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து பொங்கியது. மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. ஒருத்தன் உயிரைக் கொடுத்து ஆடுகிறான் என்று அது நினைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெளியே நின்றேன். கூடத்தில் ஒரு டிவி. வார்டுகளில் அவரவர் மனுஷர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நொடிகள். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். சென்னைக்காரர்கள் இசக்கியின் நிழலை மறுபடி இடித்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. 'போச்சு' என்று ஒருவர் தலையில் கை வைத்தார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு இளம் டாக்டர் வந்தாள்.

"இசக்கிராஜா கூட வந்தது நீங்களா? ஆக்சிஜன் ஏறுதும்மா. நல்ல நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. பொழச்சுக்குவார்."

நான் மூச்சை விட்டேன். நாள்கணக்காக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு மூச்சில் வெளியே போனது. நெஞ்சு அடங்கியது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். கூடமே அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் இரண்டு பந்தும் விழுந்திருந்தன. இசக்கியின் நிழல் கையை உயர்த்திக்கொண்டு நின்றது. முன்பின் தெரியாத ஒரு ஆள் என்னைக் கட்டிப் பிடித்தார். பிடித்துத் தள்ளினேன்.

அன்று இரவு முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் என்பதால் பாதுகாப்பு அங்கி கொடுத்து வார்டுக்குள் விட்டார்கள். அவனைக் குப்புறப் படுக்க வைப்பதும், உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டிச் சளியைக் கிளப்புவதுமாக நேரம் போனதே தெரியவில்லை. மறுநாள் காலை மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினான். முதலில் போனைக் கேட்டான். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டுட்டேன், பாத்தியளாக்கா? மயக்கத்துலயும் நெஞ்சை அடக்கியிருக்கேன். எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தது."

அவன் நெஞ்சில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டிய பட்டைகள் நாலைந்து இருந்தன. அதில் ஒன்று அவனுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. போனில் வெற்றி விழா நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. காலி ஸ்டேடியத்தில் கோப்பையைச் சுற்றி எங்கள் நிழல்கள் வலம் வந்தன. நடுவில் இசக்கி.

அந்தச் சமயத்தில் என் போன் அடித்தது. முதலாளி. நான் நாலடி தள்ளிப் போய் எடுத்தேன்.

"சௌடாம்மா, பயந்துக்காதீங்க. மூணாவது குவார்ட்டர்ல இருந்து அது உங்க நெஞ்சுன்னு தினகர் அப்பவே கண்டுபிடிச்சுட்டானுங்க."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"செயிச்சுட்டு இருக்கறப்ப எவனாச்சும் நிறுத்துவானுங்களா? கேளுங்க. காய்ச்சக்காரனுக்கு வேகம் இருக்குது, நிதானம் இல்லை. உங்களுக்கு ரெண்டும் இருக்குது. அடுத்த சீசனுக்கு இசக்கியோட நிழலுக்கு நீங்கதான் நெஞ்சு குடுக்கோணும். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"இசக்கி என்ன ஆவானுங்க?"

"அவன் நிழலு நம்மகிட்ட இருக்குதுங்களே. அவன் எதுக்கு? மத்த பசங்களையும் ஊருக்கு அனுப்பிச்சுடலாம்னு இருக்கறனுங்க."

அதுவரை யாரிடமும் பேசாத வார்த்தைகளை நான் அன்று பேசினேன். வார்டில் இருந்த நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பிணந்தின்னி என்றேன். அவர் மில்லில் ஓடுவது நூல் இல்லை, மனுஷக் குடல் என்றேன். மனுஷப் பிறவியா நீ என்று கத்தினேன். மறுமுனையில் அந்த ஆள் கோபப்படவே இல்லை.

"பேசுங்க சௌடாம்மா, இன்னும் பேசுங்க" என்றார். குரலில் அத்தனை குழைவு. "அருமையா இருக்குது. ஊரே பாக்குதுங்க."

எனக்குப் புரியவில்லை. பின்னால் இசக்கி கூவினான்.

"அக்கா, இங்க வந்து பாருங்க! என்னா துள்ளு துள்ளுதேன்!"

திரும்பினேன். போனில் அவனுடைய நிழல் கோப்பைக்கு மேலே எகிறிக் குதித்தது. விழுந்தது, சுழன்றது, மறுபடி எகிறியது. யாருமில்லாத ஸ்டேடியத்தில் பதிவு செய்த கைதட்டல் காதைப் பிளந்தது. என் நெஞ்சு அடித்த ஒவ்வொரு அடிக்கும் அது துள்ளியது. பட்டையை எடுக்க நான் மறந்திருந்தேன். என் அருவருப்பை எடுத்து அவர்கள் ஜனங்களுக்குக் கொண்டாட்டமாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கியின் ஜிப்பைக் கீழே இழுத்து, கையை உள்ளே விட்டுப் பட்டையைப் பிய்த்தேன். ஸ்பிரிட் தேடவில்லை. தோலோடு வந்தது.

போனில் நிழல் பாதித் துள்ளலில் நின்று, மங்கி, இல்லாமல் போனது. கைதட்டலும் நின்றது.

இசக்கி காலியான திரையைப் பார்த்தான். என் கையில் ரத்தத்தோடு தொங்கிய பட்டையைப் பார்த்தான். பிறகு தன் நெஞ்சில் ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அழப்போகிறான் என்று நினைத்து, அவன் தலையை என் மேல் சாய்த்துக்கொள்ளப் பக்கத்தில் போனேன்.

அவன் அழவில்லை. குழாய் செருகிய மூக்கால் மூச்சை இழுத்து, என் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான். பட்டை இருந்த கையை என் நெஞ்சுப் பக்கமாகவே தள்ளினான்.

"திரும்ப ஒட்டிக்கிடுங்கக்கா" என்றான். "ஜனங்க காத்துக்கிட்டு இருக்காவ."